வெள்ளை கிரேயான் ஏன் தேய்வதில்லை? பண்டிகைக் கலர்ப் படங்கள் குறித்த ஓர் ஆராய்ச்சி

பள்ளிக்குப் போகும் பிள்ளை உள்ள வீடுகளில் ஒரு கிரேயான் பெட்டி இருக்கும். ஜூனில் வாங்கிய அந்தப் பெட்டியை அரையாண்டு விடுமுறையில் திறந்து பார்த்தால், காணக் கிடைப்பது ஊருக்கு ஊர் மாறுவதில்லை. சிவப்பு இரண்டாக ஒடிந்திருக்கும். மஞ்சள், விரல்களுக்குப் பிடிபடாத துணுக்காகியிருக்கும். பச்சையின் மேல் சுற்றியிருந்த காகிதம் எப்போதோ உரிந்திருக்கும். நீலம் பெட்டியிலேயே இருக்காது. அதைக் கட்டிலுக்கு அடியில் தேட வேண்டும். வெள்ளை மட்டும், மற்ற நிறங்களின் அழுக்கு லேசாக அப்பியிருக்க, கடையில் வாங்கிய அன்றைய நீளத்தோடு கிடக்கும். இவ்வளவு பரவலான ஒரு நிகழ்வுக்கு அறிஞர் உலகம் காட்டிவரும் அலட்சியம் கண்டிக்கத்தக்கது. பெற்றோர் இந்தத் துண்டுகளைக் குப்பை என்று வகைப்படுத்திப் பெருக்கித் தள்ளிவிடுகிறார்கள். பானை ஓட்டையும் அப்படியே வகைப்படுத்தியிருந்தால் கீழடி இன்றும் வெறும் தென்னந்தோப்பாகவே இருந்திருக்கும். இக்கட்டுரை கிரேயான் துண்டுகளைச் சான்றாகவும் தேயாத வெள்ளையைத் தலைமைச் சான்றாகவும் கொண்டு ஒரு முடிவை நிறுவ முயல்கிறது. பண்டிகைக்குப் பண்டிகை பள்ளியிலிருந்து வீட்டுக்கு வரும் கலர்ப் படம் அடிப்படையில் வெள்ளையைப் பற்றிய படம் என்பதே அம்முடிவு. நம் பண்டிகைகளும் தலைவர்களின் பிறந்தநாள்களும் தமக்கு முக்கியமான பொருளை வெள்ளையிலேயே வைத்திருக்கின்றன. ஆகவே படத்தின் முன் உட்காரும் பிள்ளைக்கு உண்மையில் தரப்படும் வேலை, எந்த இடத்தைத் தொடாமல் விடுவது என்று தீர்மானிப்பதுதான்.

ஆய்வின் எல்லையை முதலில் வகுத்துக்கொள்வோம். கலர்ப் படம் என்று இங்கே குறிப்பது, 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஏ4 தாளில், கறுப்புக் கோடு மட்டும் அச்சாகி, உள்ளே ஒன்றும் நிரப்பாமல் விடப்பட்ட உருவத்தை. விடுமுறைக்கு ஓரிரு நாள் முன்னால் வகுப்பு மிஸ் அதை இணையத்திலிருந்து இறக்குவார். ஒன்று அச்சாகும், மீதி எல்லாம் ஜெராக்ஸ். பல பள்ளிகள் இந்தச் சிரமத்தையும் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்கு மாற்றிவிட்டன. இரவு ஒன்பது மணிக்குக் குழுவில் படம் வந்து விழும். காலை எட்டரைக்கு அது நிறத்தோடு வகுப்புக்கு வந்தாக வேண்டும். அந்த நேரத்தில் எந்தத் தெருவில் ஜெராக்ஸ் கடை திறந்திருக்கும் என்பது தனி ஆய்வுக்குரியது. இந்த வகைப் படத்துக்குக் கௌரவமான வம்சாவளியும் உண்டு. லண்டனில் ராபர்ட் சேயர் என்ற பதிப்பாளர் 1760இல் ‘தி ஃப்ளோரிஸ்ட்’ என்ற பெயரில் பூக்களின் கோட்டுருவங்களை வெளியிட்டார். அது பெரியவர்கள் வண்ணம் தீட்டிப் பொழுதுபோக்க வெளியிட்டது. குழந்தைகளின் முறை ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து வந்தது. 1880ஐ ஒட்டிய காலத்தில் நியூயார்க்கின் மெக்லாக்லின் பிரதர்ஸ், கேட் கிரீனவேயின் ஓவியங்களைக் கொண்டு சிறுவர்களுக்கான வண்ணப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பின்னர் 1903இல் அமெரிக்காவின் பின்னி அண்டு ஸ்மித் நிறுவனம் கிரயோலா என்ற பெயரில் ஐந்து சென்ட் விலைக்கு எட்டு நிறப் பெட்டியை விற்பனைக்கு விட்டது. கறுப்பு, நீலம், பழுப்பு, பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, ஊதா, மஞ்சள் ஆகியவையே அந்த எட்டு. வெள்ளை அதில் இல்லை. எட்டே இடம்தான் உண்டு என்று ஆனபோது எதை விடலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் கடைகளில் விற்கும் பன்னிரண்டு நிறப் பெட்டிகளுக்குள் பின்னால் அது எப்படியோ நுழைந்துவிட்டது.

அதே 1903ஆம் ஆண்டு ஜூலை 15 அன்று விருதுநகரில் காமராஜர் பிறந்தார் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கலர்ப் பட ஆண்டு அவருடைய பிறந்தநாளில், கல்வி வளர்ச்சி நாளில்தான் சூடு பிடிக்கிறது என்பது தற்செயல் அல்ல. படத்தில் அவர் தொளதொளத்த கதர்ச் சட்டையும் வேட்டியும் அணிந்து, தோளில் துண்டோடு நிற்பார். சட்டை வெள்ளை, வேட்டி வெள்ளை, துண்டும் வெள்ளை. பழுப்பு கிரேயானுக்கு முகமும் கைகளும் கிடைக்கும். மற்ற பத்துக்கும் மேற்பட்ட நிறங்கள் பெட்டிக்குள் வேலையில்லாமல் படுத்திருக்க வேண்டியதுதான். ஒரு மாதம் கழித்துத் தேசியக் கொடி வருகிறது. 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை ஏற்ற அந்தக் கொடியின் நடுப்பட்டை வெள்ளை. அதன் நடுவில் இருபத்து நான்கு ஆரங்களோடு கருநீலச் சக்கரம். ஜெராக்ஸ் எடுத்த ஏ4 தாளில் இந்தச் சக்கரம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சுருங்கி, ஆரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்க் காபித் தூள் சிந்தியதுபோல் ஆகிவிடும். எல்.கே.ஜி. மாணவர் அதன் மேல் நீலத்தை அழுத்தித் தேய்த்துச் சிக்கலைத் தீர்த்துவைப்பார். நடுப்பட்டைக்கு அப்படி ஒரு தீர்வு கிடையாது. அந்த வெள்ளையை ஒளி என்றும் உண்மையின் பாதை என்றும் சபையில் விளக்கியவர் எஸ். ராதாகிருஷ்ணன். உண்மையின் பாதையில் கிரேயான் படக் கூடாது என்பது அதிலிருந்து தானே பெறப்படும். விளக்கியவரே அடுத்த மாதம் ஐந்தாம் தேதி ஆசிரியர் தினப் படமாக வருகிறார். வருவது வெள்ளைத் தலைப்பாகையோடு.

காந்தி ஜெயந்திப் படம் இந்த ஆய்வுக்குக் கிடைத்த மிகச் சிக்கலான ஆவணம். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்த காந்தி, நீண்ட அங்கியையும் தலையணியையும் விட்டுவிட்டு முழங்காலளவு வேட்டிக்கு மாறினார். இந்த முடிவின் அரசியல் விளைவுகளை வரலாற்றாசிரியர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். கலர்ப் பட விளைவை ஒருவரும் எழுதவில்லை. வெள்ளைத் துணியின் பரப்பு ஒரே நாளில் பாதிக்கும் கீழே சரிந்தது. நிறம் அடிக்க வேண்டிய உடம்பின் பரப்பு அந்த அளவுக்குக் கூடியது. காந்தி மதுரைக்கு வராமலே இருந்திருந்தால் அக்டோபர் 2ஆம் தேதிப் படத்தில் பிள்ளைகளுக்கு ஒரு கைத்தடி தவிர வேறு வேலையே இருந்திருக்காது. (கூடிய அந்தப் பரப்பை நிரப்பப் பிள்ளைகள் கேட்கும் ‘ஸ்கின் கலர்’ பெட்டியில் வெளிறிய இளஞ்சிவப்பாக இருக்கும். தமிழ்நாட்டில் அந்த நிறத் தோல் யாருக்கும் இல்லை. பழுப்பை எடுக்கும் பிள்ளையே சரியாகப் பார்க்கும் பிள்ளை.) நவம்பர் 14இல் நேரு வருகிறார். தலையில் வெள்ளைக் குல்லாய், மார்பில் ரோஜா. சிவப்பு கிரேயானுக்கு அந்தத் தாள் முழுவதிலும் கிடைப்பது அந்த ஒரு பூதான். நாட்டின் முதல் பிரதமருக்குத் தம் பிறந்தநாள் படத்தில் பிள்ளைகள் படப்போகும் பாடு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். வேறு எந்தத் தலைவரும் இந்தளவுகூட இரக்கம் காட்டவில்லை.

தெய்வங்களிடம் போனாலும் நிலைமை மாறுவதில்லை. விநாயகர் சதுர்த்திப் படத்தில் தட்டு நிறையக் கொழுக்கட்டை. அரிசி மாவில் செய்தது, வேறெந்த நிறமாக இருக்கும்? சரஸ்வதி பூஜைப் படம் இன்னும் கடுமையானது. வெண்தாமரை, வெண்பட்டு, அன்னம் என்று தாளில் தொடக்கூடிய இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். குமரகுருபரர் சகலகலாவல்லி மாலையை வெண்தாமரையிலிருந்தே தொடங்குகிறார். ரவிவர்மா 1896இல் தீட்டிய சரஸ்வதியும் வெண்ணிறப் புடவையில்தான் வீணையோடு அமர்ந்திருக்கிறார். ரவிவர்மா அன்னத்தை விட்டுவிட்டு மயிலைப் பக்கத்தில் நிறுத்தியதற்குக் கலை விமர்சகர்கள் என்ன காரணம் சொன்னாலும், ஓவியருக்குக் கையிலிருந்த நீலத்தையும் பச்சையையும் எங்காவது செலவழிக்க வேண்டியிருந்தது என்பதே இவ்வாய்வின் கருத்து. ரம்ஜான் படத்தில் பிறை வெள்ளை, தொப்பி வெள்ளை. அதிலும் பிறையைக் காட்ட ஒரே வழி, சுற்றியுள்ள வானத்தை முழுவதும் இருட்டாக்கிவிட்டு அந்த மெல்லிய வளைவை மட்டும் விட்டுவைப்பது. ஐந்து வயதுக் கைக்கு இதைவிடக் கடினமான பயிற்சியை யாரும் வைத்ததில்லை. ஈத் முடிந்து பார்த்தால் பாதி வகுப்பின் தாள்களில் பிறை மூழ்கிப்போயிருக்கும்.

டிசம்பரில் வாதம் அதன் உச்சத்தை எட்டுகிறது. கிறிஸ்துமஸ் தாத்தாவின் இன்றைய உருவத்துக்கு அடித்தளம் போட்டவர் தாமஸ் நாஸ்ட். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863இல் ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’யில் அவர் வரைந்த தாத்தா, மரச்செதுக்கில் அச்சான கறுப்புக் கோடுகள். அதாவது தாத்தா பிறக்கும்போதே கலர்ப் படமாகத்தான் பிறந்தார். சிவப்புச் சட்டை பின்னால் வந்தது. தாடி, தொப்பியின் குஞ்சம், சட்டையின் ஓரங்கள், கூரை மேல் கிடக்கும் பனி எல்லாம் தாளின் வெள்ளையிலேயே நின்றுவிட்டன. தாத்தாவாவது பரவாயில்லை, பனிமனிதனைப் பாருங்கள். மூன்று வட்டம், ஒரு கேரட் மூக்கு. ஊட்டியில் குளிர்கால விடியலில் புல்மேல் உறைபனி படரும் என்பதைத் தவிரத் தமிழ்நாட்டுக்கும் இவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, ஆனாலும் ஆண்டுதோறும் திருநெல்வேலியிலும் திருவள்ளூரிலும் பிள்ளைகள் இவர் முன் உட்காரவைக்கப்படுகிறார்கள். மூக்குக்கு ஆரஞ்சு அடித்தவுடன் வேலை முடிந்துவிடும். அரை மணி நேர வேலை என்று தரப்பட்ட தாள் அரை நிமிடத்தில் தீர்ந்துபோனால் வகுப்பை எப்படி அடக்குவது? இந்த நெருக்கடிக்கு மழலையர் வகுப்பு மிஸ்கள் கண்டுபிடித்த தீர்வு பஞ்சு. தாடியின் மேல் பசை தடவிப் பஞ்சு ஒட்டு, பனிமனிதன் வயிற்றில் பஞ்சு ஒட்டு. வெள்ளையைக் கிரேயானால் அடிக்க முடியாது என்பதற்கு இதைவிட அதிகாரபூர்வமான ஒப்புதல் வேண்டியதில்லை. பெட்டியில் வெள்ளை கிரேயான் இருக்கும்போதே மருந்துக்கடைக்கு ஆள் அனுப்புகிறார்கள்.

பொங்கல் படத்தில்தான் இந்த விஷயம் தத்துவ ஆழம் பெறுகிறது. பானை, கரும்பு, மஞ்சள் கொத்து, மாடு, கண்ணும் வாயும் வைத்துச் சிரிக்கும் சூரியன் என்று எல்லாவற்றுக்கும் நிறம் உண்டு. படத்தின் மையம், அதாவது எதற்காகப் பண்டிகையோ அது, பானை வாயிலிருந்து வழியும் பால் நுரை. அது வெள்ளை. சுற்றியுள்ளவை அனைத்தும் இந்த ஒரு வெறும் இடத்தைக் காட்டுவதற்காகவே நிறம் பெறுகின்றன. தாளும் இங்கே சாட்சிக்கு வருகிறது. கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாகக் கொண்டு காகிதம் தயாரிக்கிறது. ஜெராக்ஸ் கடைகளில் போகும் ஏ4 கட்டுகளும் அதில் சேர்த்தி. ஆகவே பொங்கலுக்கு முந்தின நாள் ஒரு பிள்ளை கரும்பின் மேல் குனிந்து கரும்புக்கு நிறம் அடிக்கிறது என்று சொன்னால் அது பல நேரம் அப்பட்டமான உண்மை. வெள்ளையாக விட்ட நுரையும் கரும்புச் சக்கையே. பால் பொங்கலும் சர்க்கரைப் பொங்கலும் ஒரே தாளில் கிடைத்துவிடுகின்றன. போகிற போக்கில் இன்னொரு முறைகேட்டையும் பதிவுசெய்ய வேண்டும். பொங்கலுக்கு வாசலில் கட்டும் பன்னீர்க் கரும்பு கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம். பிள்ளைகள் அதற்குப் பச்சை அடிக்கிறார்கள். பெற்றோர் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். மிஸ் நட்சத்திரம் போட்டுவிடுகிறார். கட்டுக் கட்டாய்க் கரும்பு வாசலில் சாய்ந்திருக்கும் அன்றுகூட இது நடக்கிறது. பெட்டியில் வெள்ளைக்கு அடுத்தபடி நீளமாக எஞ்சுவது ஊதா என்பதன் முழுப் பொறுப்பும் இந்தப் பழக்கத்தையே சேரும்.

வெள்ளை அடிக்கப்படுவதில்லை, விட்டுவைக்கப்படுகிறது என்ற கொள்கைக்கு அச்சுத் தொழிலின் ஆதரவும் இருக்கிறது. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் இயந்திரமானாலும் வீட்டு மேசையில் உள்ள பிரிண்டரானாலும், வழக்கமாக அதில் ஊற்றுவது சயான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளே. வெள்ளை மை கிடையாது. காலண்டரில் முருகனின் நெற்றியில் தெரியும் திருநீறு, மை படாத தாள். நீர்வண்ண ஓவியரும் மேகத்தைத் தாளிடமிருந்துதான் கடன் வாங்குகிறார். மெழுகும் நிறப்பொடியும் சேர்ந்த கிரேயானுக்குள் வெண்மை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் விடை இன்னும் விசித்திரமானது. இன்று உலகில் மிகப் பரவலாகப் பயன்படும் வெள்ளை நிறமி டைட்டானியம் டைஆக்சைடு. அதன் முக்கியத் தாதுக்களில் ஒன்றான இல்மனைட் கறுப்பு மணல். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் கடற்கரையை இருட்டாகக் காட்டும் அதே மணல். கறுப்பு மணலைத் தோண்டி, பிரித்து, பெரும் ரசாயன ஆலைகளில் வெள்ளையாக்கி, மெழுகில் கலந்து, காகிதச் சட்டை போட்டு, பெட்டியில் அடுக்கி, வீடு வீடாகக் கொண்டுவந்து சேர்த்து, கடைசியில் யாரும் தொடாமல் வைத்திருக்கும் பொருளுக்கு உற்பத்தி வரலாற்றில் இணை சொல்வது கடினம்.

இனித் தடைகளுக்கு வருவோம். நூலாசிரியன் கைக்கொள்ள வேண்டியவை என்று நன்னூல் சொல்லும் எழுவகை மதத்தில் உடன்படலும் மறுத்தலும் முதலில் நிற்கின்றன. இரண்டையும் இங்கே கடைப்பிடிக்கலாம். முதல் தடை தீபாவளி. நிறங்களின் பண்டிகையாகிய தீபாவளி இருக்கும்போது எல்லாப் பண்டிகையும் வெள்ளை என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்பார்கள். அவர்கள் முதலில் தீபாவளிப் படத்தைப் பார்க்கட்டும். இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் வடநாட்டு மாலைநேரத் தீபாவளி. அதில் வரிசையாக விளக்கு உண்டு, ரங்கோலி உண்டு, விடியற்காலையில் தலையில் நல்லெண்ணெய் வைத்துத் தேய்க்கும் பாட்டி இல்லை. சீயக்காய் நிற கிரேயான் கிடைக்கும்வரை அந்தப் படம் வரப்போவதுமில்லை. சரி, இருக்கிற படத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் உயிர் வெளிச்சம். அகல் விளக்கின் சுடரைச் சுற்றிய ஒளியும், அலுமினியத் தூள் எரிந்து கம்பி மத்தாப்பு சொரியும் பொறியும் வெள்ளை. வானத்துக்குக் கறுப்பு அடித்தால்தான் அவை தெரியும், அவற்றின் மேலேயே அடித்தால் தெரியாது. தீபாவளிப் படம், பிறையில் பிள்ளைகள் தோற்ற அதே பாடத்தை இன்னும் கொஞ்சம் சத்தத்தோடு வைக்கிறது. ஹோலியைச் சொல்வோருக்கும் ஒரு வார்த்தை. அந்த விழாவுக்கு வெள்ளை உடுத்திக்கொண்டு தெருவில் இறங்குவதே வழக்கம். சட்டை கெட்டுப்போகும் என்று தெரிந்தே வெள்ளையிலிருந்து தொடங்கும் ஒரு பண்டிகையை எதிர்த்தரப்புச் சாட்சியாக அழைப்பது புத்திசாலித்தனம் அல்ல.

இரண்டாவது தடை சற்றுக் கனமானது. வெள்ளை நம்மிடையே துக்கத்தின் நிறம் அல்லவா, கைம்பெண்களின் மேல் சுமத்திய நிறம் அல்லவா, அதைக் கொண்டாட்டத்தோடு சேர்க்கலாமா என்பது. சமூகம் ஒரு நிறத்தை வைத்துச் செய்த கொடுமையை மறுப்பதற்கில்லை. ஆனால் நிறத்தின் மூத்த பத்திரங்கள் வேறு மாதிரிப் பேசுகின்றன. நாட்டிய சாத்திரம் ஒவ்வொரு சுவைக்கும் ஒரு நிறம் ஒதுக்கும்போது, சோகத்துக்குப் புறாவின் சாம்பல் நிறத்தைக் கொடுத்துவிட்டு, வெள்ளையை நகைச்சுவைக்கு எழுதிவைக்கிறது. மார்கழி வாசல் முழுக்க அரிசி மாவால் இழுக்கும் கோலமும் அந்தப் பக்கமே நிற்கிறது. மேலும், காமராஜர் கதரைத் துக்கத்துக்காக அணியவில்லை.

மூன்றாவது தடையை எழுப்பியவர் சாதாரணமானவர் அல்லர். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் கலைக்கல்வி கற்பித்த விக்டர் லோவன்ஃபெல்டு, 1947இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற நூலில் கலர்ப் படப் புத்தகங்களையே எதிர்த்தார். பெரியவர் வரைந்த நேர்த்தியான நாயைப் பார்த்த பிள்ளை, தன்னால் அப்படி ஒரு நாய் வரைய முடியாது என்று முடிவுகட்டிச் சொந்தக் கோட்டில் நம்பிக்கை இழந்துவிடும் என்பது அவர் வாதம். ஜப்பானில் யமமோதோ கனேயும் 1919 முதல் மாதிரிப் படம் பார்த்து வரைவதை எதிர்த்துக் குழந்தைகளின் சுதந்திர ஓவியத்துக்காக இயக்கம் நடத்தினார். இவர்கள் சொல்வதை மறுக்க முடியாது, உடன்பட்டுவிடுவதே நாணயம். பனிமனிதனை யாரோ ஏற்கனவே வரைந்தாகிவிட்டது, நிறமும் ஊரறிந்தது, பிள்ளைக்குச் சொந்தமாக அதில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லையா? கோட்டை வரைந்தவர் தீர்மானிக்காமல் விட்ட ஒன்று உண்டு. எங்கே நிறுத்துவது என்பது. காமராஜர் முகத்திலிருந்து பழுப்பு கிரேயான் கழுத்துக்கு இறங்கி, சட்டைக் காலர் வந்ததும் நிற்கிறதே, அந்தக் கணத்தில் எடுத்த முடிவு முழுக்கப் பிள்ளையுடையது. 2005இல் கரி, காஸர் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர் 84 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வில், மண்டலம் போன்ற வடிவங்களுக்கு வண்ணம் தீட்டியவர்களின் பதற்றம், வெறுந்தாளில் இஷ்டப்படி தீட்டியவர்களைவிட அதிகமாகக் குறைந்தது. எல்லை போட்ட தாள் மனதை அமைதிப்படுத்துகிறது என்று பொதுவாக இதற்குப் பொருள் கொள்கிறார்கள். வெறுந்தாளில் எங்கும் நிறுத்த வேண்டியிருக்காது, கோடுபோட்ட தாளில் நிறுத்திக்கொள்ளலாம் என்று பொருள் கொள்வதே இவ்வாய்வுக்கு வசதி. இரவு ஒன்பதரைக்கு அம்மாக்கள் அந்தத் தாளைப் பிள்ளையிடமிருந்து வாங்கித் தாங்களே முடித்துவிடுவதையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வீட்டில் பதற்றம் குறைய வேண்டியது அவர்களுக்குத்தான்.

கடைசித் தடை பள்ளியிலிருந்தே வருகிறது. “இடம் விடாம ஃபுல்லா கலர் அடிச்சிட்டு வரணும்” என்பது மழலையர் வகுப்புகளில் புழங்கும் கட்டளை. வெறும் இடத்தை மிஸ் சோம்பேறித்தனமாகப் பார்க்கிறார், பெற்றோர் மதிப்பெண் இழப்பாகப் பார்க்கிறார்கள். இதன் விளைவாகவே காமராஜர் ரோஸ் நிறச் சட்டை போட்டுக்கொள்கிறார், ராதாகிருஷ்ணன் பச்சைத் தலைப்பாகை கட்டிக்கொள்கிறார், பால் நீலமாகப் பொங்குகிறது. இதைப் பிள்ளையின் கற்பனை என்று பாராட்டுவோர் உண்டு. பிள்ளை தானாகவே ரோஸ் அடித்திருந்தால் பாராட்டலாம், காமராஜரும் கோபித்துக்கொள்ள மாட்டார். சட்டை வெள்ளை என்று நன்றாகத் தெரிந்த பிள்ளை, இடம் விடக் கூடாது என்ற பயத்தில் கைக்கு வந்ததை எடுத்து அடிப்பது கற்பனையில் சேராது. விவரமான சில பிள்ளைகள் கட்டளையையும் உண்மையையும் ஒருசேரக் காப்பாற்ற, வெள்ளை கிரேயானையே எடுத்து வெள்ளைத் தாளில் சட்டைமேல் பொறுமையாகத் தேய்க்கிறார்கள். மிஸ் கண்ணுக்கு அது தெரியாது. தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் மெழுகின் பளபளப்பு தெரியும். இந்தப் பிள்ளைகளின் விடைத்தாள்கள் மறுமதிப்பீட்டுக்குரியவை.

அந்த கிரேயானுக்கு வேறு பயனே இல்லை என்று இவ்வளவும் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆயில் பேஸ்டலில் இரண்டு நிறங்களைக் குழைக்க வெள்ளை உதவும். வெள்ளை கிரேயானால் தாளில் எழுதி, மேலே நீர்த்த நீலத்தைத் தடவினால், மெழுகில் நீர் ஒட்டாமல் எழுத்து தெளிந்து வரும்; ரகசியக் கடிதம் எழுத விரும்பும் இரண்டாம் வகுப்பாருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் அதற்கென்றே பிறந்த பண்டிகைப் படம் ஒன்று இன்னும் பள்ளிகளுக்கு வரவில்லை. கறுப்புத் தாளும் புள்ளிகளும். ஜெராக்ஸ் இயந்திரத்தால் வெள்ளைப் புள்ளியை அச்சடிக்க முடியாது என்பதால் எந்த இணையதளமும் அதைத் தராது, எந்த வாட்ஸ்அப் குழுவிலும் அது வந்து விழாது. மிஸ்களுக்கும் பெற்றோருக்கும் இங்கே ஒரு விண்ணப்பம். வரும் மார்கழியில் பனிமனிதனுக்கு ஒரு நாள் லீவு கொடுத்துவிட்டு, ஸ்டேஷனரி கடையில் ஒரு கறுப்பு சார்ட் வாங்குங்கள். நான்காக வெட்டினால் நாலு பிள்ளைகளுக்கு வரும். புள்ளி வைக்க வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் எதிர்வீட்டு வாசலைப் பார்த்து வையுங்கள். கிரேயான் வாங்க வேண்டியதில்லை, அது பெட்டியில் முழுசாக இருக்கிறது.